குரூவே தேயிலை மலைக்குப் போக நினைப்பவர்கள் கேட்டவை

மொசாம்பிக் நாட்டின் சம்பேசியா மாகாணத்தில், நாமுலி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது குரூவே என்ற சிறு நகரம். சுற்றிலும் தேயிலை. வெளியூர்க்காரர்கள் அரிதாகவே எட்டிப் பார்க்கும் இடம். சென்ற இதழில் அதைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. அதை வாசித்துவிட்டு "போய்ப் பார்க்க என்ன வழி?" என்று கேட்டு வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, அந்தப் பாதையும் தேயிலையும் அறிந்தவர்களிடம் பதில் வாங்கி இங்கே தருகிறோம்.

கொழும்பிலிருந்து எப்படிப் போவது? எத்தனை நாள் விடுமுறை எடுக்க வேண்டும்?
— வாசகர், வெள்ளவத்தை

நேரடி விமானம் கிடையாது. எந்த நகரத்தில் இறங்குவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். தலைநகர் மாப்புட்டோ நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. அங்கிருந்து தரைவழியாகக் குரூவேக்குப் போக நினைத்தால் இரண்டு மூன்று நாட்கள் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். ஆகவே மாப்புட்டோவில் இறங்கினாலும் உள்நாட்டு விமானத்தில் கெலிமானே அல்லது நம்பூலா வரை போய்விடுவதுதான் புத்தி. உள்நாட்டுப் பறப்புகள் பிந்துவதும் நேரம் மாறுவதும் அங்கே சாதாரணம். வெளிநாட்டு விமானத்துக்கும் உள்நாட்டு விமானத்துக்கும் இடையில் ஓர் இரவாவது விடுங்கள். திரும்பும்போதும் அப்படியே.

டோஹா, டுபாய், அடிஸ் அபாபா, நைரோபி, ஜொஹனஸ்பேர்க் என்று வழிகள் பல உண்டு. ஜொஹனஸ்பேர்க் வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தென்னாபிரிக்க விசா தேவை. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, பெட்டியும் கடைசி நகரம் வரை நேரே போகுமானால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட் வாங்கினால், பெட்டியை எடுக்கக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். விசா இல்லாமல் அது நடக்காது. பெரும்பாலும் கட்டுநாயக்கவிலேயே உங்களை ஏற்றமாட்டார்கள். டிக்கெட் போடும் முகவரிடம் "பெட்டி எதுவரை போகும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கெலிமானேயிலிருந்து குரூவே ஏறத்தாழ 350 கி.மீ. மொக்கூபா வரை பிரதான வீதி, பிறகு நம்பேவோ சந்தியில் பிரதான வீதியை விட்டு மலைப்பக்கம் திரும்ப வேண்டும். பகல் முழுதும் எடுக்கும். 'ஷாப்பா' என்று சொல்லும் சிற்றூர்தி விடியற்காலை 4 மணிவாக்கில் வந்து நிற்கும். ஆட்கள் நிறைந்த பிறகுதான் நகரும். 7 மணிக்கு நிலையத்துக்குப் போனால் அன்றைய வண்டி போயிருக்கும், அல்லது இரவில் ஊர் சேரும் வண்டிதான் மிஞ்சும். இரவில் அந்த வீதியில் போக வேண்டாம். வெளிச்சமில்லாத லொறி, குழி, ஆடு எல்லாம் வீதியில்தான் இருக்கும். மூன்று நான்கு பேராகப் போனால் சாரதியோடு நாலு சில்லு இழுவை வாகனத்தை வாடகைக்கு எடுப்பது காசுக்குத் தகும். தோட்டப் பாதைகளுக்கும் அதுவே உதவும்.

நம்பூலாவிலிருந்து இன்னொரு வழி, குவாம்பா வரை ரயிலில் போய் அங்கிருந்து தெற்கே இறங்குவது. பார்க்க அழகான வழிதான். ஆனால் குவாம்பாவுக்கும் குரூவேக்கும் இடையில் உள்ள மண்பாதை மழையில் சேறாகிவிடும். வறண்ட மாதங்களில் மட்டும் யோசியுங்கள்.

மொத்தம் 12 நாட்களுக்குக் குறைவாக இந்தப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். போக 3, வர 3, அங்கே 5, கையிருப்பாக 1. ஒரு வார விடுமுறையில் போனால் தேயிலையை விட விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

விசா, மற்றத் தாள்கள்?
— வாசகி, தெஹிவளை

மொசாம்பிக் அரசின் இணைய விசாத் தளத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 2022 முடிவிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. போகவர டிக்கெட், தங்குமிடப் பதிவு, வங்கிக் கூற்று ஆகியவை கேட்கப்படும். கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். கிடைக்கும் அனுமதியைத் தாளில் அச்சிட்டு இரண்டு பிரதி எடுங்கள். தொலைபேசியில் காட்டுவதை எல்லா அதிகாரிகளும் ஏற்பதில்லை.

மாப்புட்டோவில் இலங்கைத் தூதரகம் இல்லை. அருகில் இருப்பது பிரிட்டோரியாவில் உள்ள உயர்ஸ்தானிகராலயம். கடவுச்சீட்டு தொலைந்தால் அலைச்சல் பெரிது. எனவே அதை இடுப்புப் பட்டியில் வைத்துக்கொண்டு, வீதிச் சோதனைகளில் காட்ட அங்கேயே நோத்தாரிசிடம் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

ஊசி, மாத்திரை என்ன வேண்டும்? மலேரியா அங்கே உண்டா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

உண்டு, நிறையவே உண்டு. ஊர் மலையில் இருக்கிறதே, நுளம்பு குறைவாகத்தானே இருக்கும் என்று எண்ண வேண்டாம். குரூவே நகரம் ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. கண்டியை விடச் சற்று மேலே, அவ்வளவுதான். அந்த உயரத்தில் மலேரியா தாராளமாகப் பரவும். அங்குள்ளது பெரும்பாலும் உயிரைக் குடிக்கும் பல்சிபாரம் வகை. குளோரோகுயின் அதற்கு வேலை செய்யாது. பழைய நினைவில் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தடுப்பு மருந்தைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் அலுவலகத்தில், மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகும் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். புறப்பட மூன்று வாரத்துக்கு முன் போய், எந்த நாடு, எத்தனை நாள், வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள், என்ன நோய் உண்டு என்பதைச் சொல்லுங்கள். எதைக் கொடுப்பது என்று வைத்தியர் தீர்மானிப்பார். வழக்கத்தில் உள்ளவை மூன்று. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று. போக 2–3 வாரத்துக்கு முன்பே தொடங்கி, வந்த பின் 4 வாரம் எடுக்க வேண்டும். மனச்சோர்வு, வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. டொக்சிசைக்ளின் தினம் ஒன்று. போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, வந்த பின்னும் 4 வாரம். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வாட்டும். வெயிலில் தோலும் சட்டென்று சிவக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கொடுப்பதில்லை. அற்றோவாகுவோன்–புரோகுவானில் கலவையும் தினம் ஒன்றுதான். ஆனால் திரும்பி வந்த பின் 7 நாள் போதும்.

பயணிகள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியைத்தான். கட்டுநாயக்கவில் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஈரலில் தங்கியிருக்கும் கிருமி அதற்குப் பிறகுதான் இரத்தத்துக்கு வருகிறது. அந்த வேளையில் மருந்து உடம்பில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த 4 வாரமும். திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், வைத்தியரிடம் முதல் வாக்கியமாக "ஆபிரிக்காவுக்குப் போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியை நேரில் கண்டதே இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு முதலில் தோன்றுவது டெங்குதான். மலேரியாவைக் காவும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது என்பதால் இது உங்கள் ஒருவருடைய விஷயம் மட்டுமல்ல.

மஞ்சள் காய்ச்சல் வேறு கதை. மொசாம்பிக்கில் அந்த நோய் அபாயப் பட்டியலில் இல்லை. ஆனால் வழியில் வரும் கென்யாவும் எத்தியோப்பியாவும் பட்டியலில் உள்ளவை. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி மாறினால் மொசாம்பிக்கிலும் சான்றிதழ் கேட்கலாம், திரும்பி வரும்போது கட்டுநாயக்கவிலும் கேட்கலாம். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஊசி போட்டு மஞ்சள் அட்டை தருவார்கள். கடவுச்சீட்டைக் கொண்டு போங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், பிறகு ஆயுள் முழுதும் போதும். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முதலில் வைத்தியரிடம் பேச வேண்டும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி அது.

இன்னொன்று, குளம், தேங்கிய அணை நீர் ஆகியவற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம். தோல் வழியே நுழையும் நத்தைப் புழுக் காய்ச்சல் மொசாம்பிக்கில் மிகப் பரவலாக உண்டு.

எந்த மாதம் நல்லது?
— வாசகர், வத்தளை

மே கடைசி முதல் ஜூலை வரை. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மழை. குரூவேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. பெய்கிறது, அதில் பெரும்பகுதி இந்த ஆறு மாதத்தில்தான். நாமுலிப் பக்கம் பிறக்கும் லிக்குங்கோ ஆறு மொக்கூபா வழியாக ஓடுகிறது. 2015 ஜனவரி வெள்ளத்தில் மொக்கூபாப் பாலம் உடைந்து பிரதான வீதியே துண்டானது. 2023 மார்ச்சில் ஃப்ரெடி சூறாவளி கெலிமானேயைத் தாக்கியது. ஜனவரி முதல் மார்ச் வரை போவது சூதாட்டம். ஜூன், ஜூலை இரவுகளில் ஒரு கம்பளிச் சட்டை போதும். ஆகஸ்டுக்குப் பின் காடு எரித்துப் பயிரிடும் காலம் என்பதால் புகைமூட்டம் மலையை மறைத்துவிடும்.

தேயிலை வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

நான் ஹற்றன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தேயிலைதானே, அங்கே எனக்குப் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?
— வாசகர், மட்டக்குளி

உங்களைப் போன்றவருக்குத்தான் அதிகம் இருக்கிறது. தேயிலை தெரியாதவர் அங்கே போனால் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு வருவார்.

முதலாவது, பருவம். எங்கள் மலைநாட்டில் கொழுந்து ஆண்டு முழுதும் வரும், கூடும், குறையும். குரூவே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 15 பாகையில் இருக்கிறது. அங்கே மழையோடு கொழுந்து வந்து, மழை நின்றதும் மெல்ல அடங்கிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரில் செடி தூங்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் சூடு ஏறினாலும் காற்று மிகவும் வறண்டிருக்கும். நிலத்தில் ஈரம் இருந்தாலும் அந்தக் காற்றில் துளிர் நீளாது. கவ்வாத்து, அதாவது செடியை வெட்டிக் குறைப்பது, அந்தக் குளிர்மாதங்களில்தான். அப்போது தொழிற்சாலை வாரத்தில் பல நாள் மூடிக் கிடக்கும். சிக்கல் இதுதான். பாதை நன்றாக இருக்கும் மாதத்தில் ஸ்டோர் (தொழிற்சாலை) ஓடாது, ஸ்டோர் முழு மூச்சில் ஓடும் மாதத்தில் பாதை இருக்காது. இரண்டும் ஓரளவு கிடைப்பது மே மாதத்தில். உங்களுக்கு அதையே சொல்வோம்.

இரண்டாவது, தொழிற்சாலை. இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும்பகுதி உருட்டுத் தேயிலை. ஆபிரிக்காவில் பெரும்பாலும் சி.டி.சி., அதாவது 1930களில் அசாமில் பிறந்த, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் முறை. வாட்டலில் இருந்தே வித்தியாசம் தொடங்குகிறது. உருட்டுவதற்கு 100 கிலோ பச்சைக் கொழுந்து 50 கிலோ அளவுக்கு வாட வேண்டும். இல்லாவிட்டால் உருளையில் உடைந்துபோகும். சி.டி.சி.க்கு 70–75 கிலோவில் நிறுத்திவிடுவார்கள். கூடுதலாக வாடினால் எதிரெதிராக வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பல்லுருளைகள் இலையைக் கடிக்காமல் பொடியாக்கிவிடும். மூன்று முதல் ஐந்து சோடி உருளைகளைக் கடந்து வரும்போது இலை பச்சை ரவை மாதிரி இருக்கும். செல்கள் முழுதும் கிழிந்துவிடுவதால் புளிக்க ஒன்று, ஒன்றரை மணி நேரமே போதும். எங்கள் உருட்டுத் தேயிலைக்கு எடுக்கும் நேரத்தில் இது ஏறத்தாழ பாதி. அதன்பின் சூடான காற்றில் மிதக்கவிட்டு 3 சதவீத ஈரத்துக்குக் காய வைப்பார்கள்.

தேயிலை அறையில் நின்று பார்க்கும்போது உருளைப் பற்களைக் கவனியுங்கள். பற்கள் மழுங்கினால் இலை கிழியாமல் பிதுங்கும், சாயம் மங்கும், நார் கூடும். கூர் தீட்டும் இயந்திரமும் மாற்று உருளைகளும் கையில் உள்ள தொழிற்சாலையா இல்லையா என்பதை அங்கே ஓடும் தூளைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். விறகு மலையும் கண்ணில் படும். காயவைக்கும் சூட்டுக்காகத் தோட்டத்தைச் சுற்றி யூக்கலிப்டஸ் காடு வளர்க்கிறார்கள்.

மூன்றாவது, கோப்பை. குரூவேத் தேயிலையில் எங்கள் உயர்மலைப் பகுதியான டிம்புலவின் மணத்தைத் தேட வேண்டாம். எங்கள் கணக்கில் 600 முதல் 1,200 மீற்றர் வரையானது மத்திய மலைத் தேயிலை. குரூவே அந்த வகுப்பில் விழும். சாயம் சீக்கிரம் இறங்கும், நிறம் உண்டு, வாசனை குறைவு. பைத் தேயிலைக் கலவையில் உடம்பு (அடர்த்தி) கொடுக்கச் சேர்ப்பதற்கு ஏற்றது. அங்கிருந்து போவதும் பெரும்பாலும் அதற்குத்தான். கிழக்கு ஆபிரிக்கத் தேயிலைக்கான பெரிய ஏலம் மொம்பாசாவில் நடக்கிறது. 1956இல் நைரோபியில் தொடங்கி 1969இல் அங்கே மாறியது. விலை டொலரில். கொழும்பு ஏலத்துக்கு அதை விட 73 வயது அதிகம், 1883.

நான்காவது, கைவிடப்பட்ட மலைகள். இதைப் பார்க்க மட்டுமே ஒரு தேயிலைக்காரர் அங்கே போகலாம். 1930களில் போர்த்துக்கேயர் தொடங்கிய தோட்டங்கள் இவை. நகரத்துக்கே அப்போது ஒரு தேயிலை முதலாளியின் பெயரால் விலா ஜுங்கெய்ரோ என்று பெயர். 1975 ஜூன் 25இல் நாடு விடுதலை பெற்றது. முதலாளிகள் போனார்கள், தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1992 ஒக்டோபர் 4இல் ரோமில் கையெழுத்தான உடன்படிக்கையோடுதான் முடிந்தது. இடையில் பல மலைகளில் கவ்வாத்து விழவே இல்லை. மட்டக்கம்பு வைத்து இடுப்பளவில் நிறுத்தியிருந்த செடிகள் மரமாகிவிட்டன. நிழலில் நின்று அண்ணாந்து தேயிலைப் பூவைப் பார்க்கலாம். போருக்குப் பின் தனியார் கைக்கு வந்த தோட்டங்களிலும் எல்லா மலையும் மீளவில்லை. மலைச்சரிவின் கீழே சோயா, மெக்கடேமியா போன்ற பயிர்கள் வந்திருக்கின்றன.

தோட்டத்துக்குள் நுழைய முன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். காலையில் போனால் நல்லது. பாதையோடு நடப்பதை யாரும் தடுப்பதில்லை, தொழிற்சாலைக்குள் போகவும் படம் எடுக்கவும்தான் அனுமதி வேண்டும். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு தேயிலை அறைக்குள் போகக் கூடாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் தோட்டங்களில் தமிழர் இருக்கிறார்களா?
— வாசகி, பம்பலப்பிட்டி

இல்லை. குரூவேயில் கொழுந்தெடுப்பவர்கள் லொம்வே மக்கள், ஆண்களும் பெண்களும். வெளியிலிருந்து கூலி இறக்கவில்லை. உள்ளூர் மக்களையே போர்த்துக்கேய அரசு கட்டாய வேலைக்குப் பிடித்தது. அதிலிருந்து தப்ப லொம்வே மக்கள் பெருந்தொகையாக எல்லை தாண்டி இன்றைய மலாவியின் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் இன்றும் பெரிய சமூகம்.

ஆபிரிக்காவில் தமிழர் கொழுந்தெடுத்த மண் வேண்டுமென்றால் தென்னாபிரிக்காவின் நேட்டால் பக்கம் பாருங்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அங்கே இறக்கப்பட்டார்கள், அவர்களில் தமிழர் ஏராளம். கரும்புக்குப் பெயர்பெற்ற அந்தக் கரையில் கியர்ஸ்னி என்ற இடத்தில் 1870களின் பிற்பகுதியிலிருந்து தேயிலையும் இருந்தது. ஒப்பந்தக் கூலி நின்றதும் அதுவும் தேய்ந்துபோனது. தேயிலை இப்போது இல்லை, தமிழர் வழிவந்தவர்களும் கோயில்களும் இருக்கின்றன.

நாமுலி மலை ஏற முடியுமா? சிவனொளிபாதமலையைப் பலமுறை ஏறியிருக்கிறேன்.
— வாசகர், கிராண்ட்பாஸ்

ஏறலாம். ஆனால் படிக்கட்டும் தேநீர்க் கடையும் உள்ள மலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நாமுலி 2,419 மீற்றர். சிவனொளிபாதத்தை விட ஏறத்தாழ 175 மீற்றர் அதிகம், பிதுருதலாகலையை விடக் குறைவு. மொசாம்பிக்கின் இரண்டாவது உயர்ந்த சிகரம். கடைசிப் பகுதி மொட்டைக் கருங்கல், அதில் புல் கொத்துகளைப் பிடித்துக்கொண்டு கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். மழைக்குப் பின் அந்தப் பாறை வழுக்கும். வறண்ட நாளானால் பழகிய கால் உள்ளவர் கயிறு இல்லாமல் ஏறிவிடலாம்.

ஏறும் முன் ஒரு கடமை இருக்கிறது. முதல் மனிதர் நாமுலியில் இருந்தே இறங்கி வந்தார்கள் என்பது லொம்வே மக்களின் நம்பிக்கை. மலைக்குப் பொறுப்பான மூதாட்டி முக்குன்யா என்ற மேட்டுக் கிராமத்தில் இருக்கிறார், அரசி என்றே அழைக்கிறார்கள். அவரிடம் அனுமதி வாங்கி, முன்னோருக்கு மா இட்டு வேண்டிக்கொண்ட பிறகே ஏற வேண்டும். இதைச் சுற்றுலாச் சடங்கு என்று எண்ணித் தாண்டிப் போனவர்களைக் கிராமத்தார் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது நியாயமும்கூட.

செய்ய வேண்டியவை: குரூவேயில் லொம்வேயும் போர்த்துக்கேயமும் தெரிந்த வழிகாட்டியைப் பிடியுங்கள், தங்குமிடத்தில் கேட்டால் கிடைப்பார். எத்தனை நாள், உணவு யாருடையது, அரசிக்கும் கிராமத்துக்கும் எவ்வளவு என்பதையெல்லாம் புறப்படுமுன் பேசி முடியுங்கள். காணிக்கையாக மாவும் மதுவும் சிறுதொகைப் பணமும் வழக்கம். அவற்றை வழிகாட்டியே நகரத்தில் வாங்கித் தருவார். முக்குன்யா வரை தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போகலாம், அல்லது நாள் முழுதும் நடக்கலாம். முதல் நாள் மாலை கிராமத்தில் சேர்ந்து, மறுநாள் விடியலில் அனுமதி வாங்கி ஏறத் தொடங்கினால் மூடுபனி கட்டுமுன் இறங்கிவிடலாம். கூடாரம், உறங்கு பை, தலையில் கட்டும் ரோர்ச், ஆளுக்கு மூன்று நாள் உணவு எல்லாம் நீங்களே கொண்டு போக வேண்டும். கிராமத்தில் உருளைக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கும். காட்டை வெட்டி அதையே பயிரிடுகிறார்கள், நுவரெலியாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சரிவுகள் புதிதாகத் தோன்றாது.

பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். வட மொசாம்பிக்குக்கே உரிய நாமுலி அபாலிஸ் என்ற சிறு குருவி முதலில் பதிவானது இந்த மலையில், 1932இல். பாறையின் அடியில் மிஞ்சியிருக்கும் காட்டில் காலையில் பொறுமையாக நின்றால் காணலாம்.

பழைய வழிகாட்டி நூல்களில் கண்ணிவெடி எச்சரிக்கை இருக்கும். 2015 செப்டெம்பரில் நாடு கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. 2017 முதல் தாக்குதல்கள் நடக்கும் காபோ டெல்காடோ மாகாணம் வெகு வடக்கே இருக்கிறது. இருந்தாலும் நம்பூலா மாகாணத்தின் வட எல்லைப் பக்கம் சுற்றப் போக வேண்டாம்.

ஒரே நாளில் ஏதாவது போதும் என்பவர்களுக்கு, நகரத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவே 'மணமக்கள் வீடு' என்று சொல்லும் இடிந்த மாளிகை இருக்கிறது. காலையில் நடந்து போய் மதியத்துக்குத் திரும்பலாம். முழுப் பள்ளத்தாக்கும் தெரியும்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
— வாசகி, வெள்ளவத்தை

வேண்டாம். சோளமாக் களி, அவரைக் குழம்பு, கீரை, சோறு எங்கும் உண்டு. வாழை, பட்டர் ஃபுரூட், அன்னாசி சந்தையில் மலிவு. மரவள்ளி இலையை நிலக்கடலையும் தேங்காய்ப் பாலும் விட்டுக் காய்ச்சும் 'மட்டாப்பா' உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் இறால் போடுவது வழக்கம், இலையோடு அரைபட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் வரும். இறைச்சி, கோழி, மீன், இறால் நான்கையும் போர்த்துக்கேயத்தில் ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள். தேநீர் கேட்டால் பெரும்பாலும் வெறுந்தேநீர், சீனி தூக்கலாக. பாலுக்குப் பால்மாதான்.

காசு, தொலைபேசி, மின்சாரம்?
— வாசகர், மருதானை

மெற்றிக்கால்தான் நாணயம். சில ஆண்டுகளாக ஒரு டொலர் 64 ஐ ஒட்டியே நிற்கிறது. இலங்கை ரூபாயை அங்கே யாரும் மாற்றமாட்டார்கள். புதிய, மடிப்பில்லாத டொலர் தாள்கள் கொண்டு போங்கள். பழைய சிறுதலை நோட்டுகளைத் தள்ளிவிடுவார்கள். குரூவேயில் வங்கியும் பண இயந்திரமும் உண்டு, மாதக் கடைசியில் இயந்திரத்தில் பணம் தீர்ந்துபோகும். கெலிமானேயிலேயே சில்லறைத் தாளாக எடுத்துவிடுங்கள். தொலைபேசிக்கு நாட்டுப்புறத்தில் மொவிடெல் நன்றாகக் கிடைக்கும். மின்சாரம் 220 வோல்ட். இருவட்டக் கம்பி ஐரோப்பியச் செருகியும் தென்னாபிரிக்கப் பெரிய மூன்று கம்பிச் செருகியும் உண்டு. இரண்டாவது எங்கள் 15 அம்பியர் வட்டச் செருகிதான். எங்கள் சதுரக் கம்பிச் செருகிக்கு மாற்றி வேண்டும்.

இவ்வளவு சிரமம் முடியாது. தேயிலையும் மலையும் வேண்டும், எளிதாக வேறு இடம் உண்டா?
— தம்பதியர், நுகேகொடை

மலாவியின் முலாஞ்சே. பிளான்டயர் நகரத்திலிருந்து 70 கி.மீ. அளவு, நல்ல வீதி. தேயிலை விரிப்பின் நடுவில் 3,002 மீற்றர் சபிட்வா சிகரம் கொண்ட கருங்கல் மலை. இலங்கைத் தொடர்பும் உண்டு. இங்கே கோப்பி நோயில் அழிந்த பிறகு 1891இல் அங்கே போன ஹென்றி பிரவுன் என்ற துரைதான் முலாஞ்சேயில் தோட்ட அளவில் தேயிலை வைத்த முன்னோடிகளில் ஒருவர். தங்க வசதி வேண்டும், வயதான பெற்றோரும் வருகிறார்கள் என்றால் கென்யாவின் கெரிச்சோ. 2,000 மீற்றர் உயரம், நைரோபியிலிருந்து ஒரு பகல் பயணம், கொழுந்து ஆண்டு முழுதும். பிற்பகலில் ஆலங்கட்டி மழைக்குப் பேர்போன ஊர் என்பதால் நடையைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள். கென்யாவுக்கு மஞ்சள் அட்டை கட்டாயம் எடுங்கள், திரும்பும்போது இங்கே கேட்பார்கள்.

அங்கிருந்து தேயிலையும் ஒரு நாற்றும் கொண்டு வரலாமா?
— வாசகர், கொழும்பு 13

நாற்று, விதை, வெட்டுத்தண்டு எதுவும் கூடாது. தாவரத் தொற்றுத்தடைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கொண்டு வர முடியாது, கட்டுநாயக்கவில் பறிப்பார்கள். பிற நாட்டு நோய் ஒன்று எங்கள் மலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோப்பியின் கதையே போதும். தூளில் ஓரிரு சிறு பக்கற், முத்திரை உடையாமல், வீட்டுப் பாவனைக்கு என்றால் சுங்கத்தில் கேட்கும்போது காட்டுங்கள். கிலோக்கணக்கில் வேண்டாம். வியாபார இறக்குமதிக்குத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும். தோட்டத்தில் நடந்த சப்பாத்துகளைப் பெட்டியில் வைக்குமுன் அடிப்பள்ளங்களில் இருக்கும் மண் முழுவதையும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு வையுங்கள்.